கொண்டையில் கிடந்த கணக்கு

கேம்பிரிட்ஜிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது கிரான்ட்செஸ்டர். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் அந்த ஊரின் ஒரு வீட்டுத் தோட்டம் முழுக்கக் கோழிக் கூண்டுகள். வீட்டுக்காரர் வில்லியம் பேட்சன், விலங்கியல் படித்தவர். பல்கலைக்கழகத்தில் அவருக்கு அப்போது பேராசிரியர் பதவி இல்லை. செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் சமையற்கட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார்; ஆராய்ச்சிக்கு ராயல் சொசைட்டி கொஞ்சம் பணம் கொடுத்தது. எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு சேர்த்தது, எந்த முட்டையில் எந்தக் குஞ்சு வந்தது என்று பிசகாமல் கணக்கு வைக்கும் வேலையில் மனைவி பியாட்ரிஸ் கூடவே நின்றார்.

பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட விதி விலங்குகளுக்கும் செல்லும் என்று முதன்முதலில் காட்டிய இடங்களில் அந்தக் கோழித் தோட்டமும் ஒன்று.

பேட்சன் தேடியவை கோழி வளர்ப்பவர்கள் 'ஊனம்', 'கலப்பு', 'அதிசயம்' என்று சொல்லித் தள்ளிவிடும் விஷயங்கள். கொண்டை மாறிப் பிறந்த குஞ்சு, நான்கு விரல் இருக்க வேண்டிய காலில் ஐந்தாவது விரல், வெள்ளைக் கோழிகளுக்கு நடுவே திடீரென்று வந்த கறுப்பு. விலங்குகளில் இயல்புக்கு மாறாக அமைந்த உறுப்புகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி 1894-இல் அவர் ஒரு பெரிய நூலே வெளியிட்டிருந்தார். பரம்பரை மாற்றம் எப்போதும் இம்மி இம்மியாகத்தான் நடக்கும் என்று டார்வினின் வழிவந்தவர்கள் அடித்துச் சொன்ன காலம் அது. சில மாற்றங்கள் ஒரே தாவலில் வருகின்றன என்பது பேட்சனின் கட்சி. அதை நிரூபிக்கக் கோழியைவிட நல்ல பிராணி கிடையாது. மலிவாகக் கிடைக்கும், இருபத்தொரு நாளில் குஞ்சு வெளியே வரும், கொண்டை என்ன வடிவம் என்று சிறுவன்கூடப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

1900-இல் மெண்டலின் கட்டுரை முப்பத்துச் சொச்சம் ஆண்டு உறக்கத்திலிருந்து எழுந்தபோது பேட்சனிடம் கோழிகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. எடித் சாண்டர்ஸ் என்ற தாவரவியல் அறிஞரோடு சேர்ந்து 1902-இல் அவர் ராயல் சொசைட்டிக்கு அறிக்கை கொடுத்தார். செடிகளைப் பற்றிய பகுதி சாண்டர்ஸுடையது. கோழிகளைப் பற்றிய பகுதியில் ஒயிட் லெகார்ன், டார்க்கிங், வையன்டாட், 'இந்தியன் கேம்' என்ற இனங்கள் வருகின்றன. கடைசியாகச் சொன்னது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உருவானது. நம் ஊர் அசில் சேவல்களின் ரத்தம் கலந்தது. மண்டையோடு ஒட்டி மூன்று வரிசையாக, பட்டாணியைப் பதித்ததுபோல் இருக்கும் அசிலின் சிறு கொண்டை அப்படியே அதற்கும் வந்திருந்தது. ஆக, விலங்கு மரபியலின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு இந்தியச் சண்டைக்கோழியின் கொண்டை இருக்கிறது.

அந்தக் கொண்டையை வைத்துப் பேட்சனும் பின்னால் வந்து சேர்ந்த ரெஜினால்ட் பன்னெட்டும் செய்த சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோழிக் கொண்டையில் அவர்கள் கவனித்த வடிவங்கள் நான்கு. காட்டுக்கோழிக்கும் லெகார்னுக்கும் இருப்பது ரம்பம்போல் பல்பல்லாக நிற்கும் ஒற்றைக் கொண்டை. வையன்டாட்டுக்குத் தட்டையாகப் படர்ந்து, மேலெல்லாம் சிறு முளைகளோடு, பின்பக்கம் கூர்ந்து முடியும் ரோஜாக் கொண்டை. அசிலுக்குப் பட்டாணிக் கொண்டை. மலாய் இனத்துக்கு உடைத்த வால்நட் பருப்புபோலச் சுருங்கிய ஒன்று.

ரோஜாவையும் பட்டாணியையும் சேர்த்தார்கள். பிறந்த குஞ்சுகளுக்குத் தாயின் கொண்டையும் இல்லை, தகப்பனின் கொண்டையும் இல்லை; எல்லாமே வால்நட். அந்த வால்நட்களைத் தங்களுக்குள் சேர்த்தபோது பதினாறுக்கு ஒன்பது என்ற கணக்கில் வால்நட்டும், மூன்று ரோஜாவும், மூன்று பட்டாணியும் வந்தன. மிச்சமிருந்த ஒன்றுக்கு ஒற்றைக் கொண்டை. பாட்டன் பாட்டி யாருக்குமே இல்லாத கொண்டை. ரோஜாவுக்கு ஒரு மரபணு, பட்டாணிக்கு வேறொரு மரபணு. இரண்டும் சேர்ந்தால் வால்நட், இரண்டும் இல்லாவிட்டால் காட்டில் இருந்த பழைய ஒற்றைக் கொண்டை. ஒரு உறுப்பின் வடிவத்தை இரண்டு மரபணுக்கள் கூடித் தீர்மானிக்கலாம் என்பது இந்தக் கொண்டையில்தான் தெளிவாக வெளிப்பட்டது. பள்ளிக்கூடத்தில் கட்டம் போட்டு மரபியல் கணக்குச் செய்யும் ஒவ்வொரு மாணவரும் பயன்படுத்துவது பன்னெட்டின் பெயரால் வழங்கும் சதுரத்தைத்தான்.

வையன்டாட் வளர்ப்பவர்களுக்கு நெடுநாளாக ஒரு தலைவலி இருந்தது. ரோஜாக் கொண்டை இல்லாத குஞ்சைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டியும் ஒற்றைக் கொண்டைக் குஞ்சு வந்துகொண்டே இருந்தது. ஒற்றைக் கொண்டை ஒடுங்கி மறைந்திருக்கும் பண்பு என்று மெண்டலின் கணக்கு பாதிப் பதிலைச் சொன்னது. மீதிப் பதில் கிடைக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழாம் குரோமோசோமின் ஒரு பெரிய துண்டு அப்படியே தலைகீழாகத் திரும்பியதால் பிறந்ததே ரோஜாக் கொண்டை. அந்தத் துண்டின் ஒரு முனை உடைந்த இடத்தில், விந்தணுவின் ஓட்டத்துக்குத் தேவையான வேறொரு மரபணு சிதைந்துபோயிற்று. இரண்டு பக்கமிருந்தும் ரோஜாவைப் பெற்ற சேவலுக்கு அதனால் கருவுறச் செய்யும் திறன் குறைவு. ஒற்றைக் கொண்டையை உள்ளே மறைத்து வைத்திருக்கும் சேவலுக்கு அந்தக் குறை இல்லை. அழகான கொண்டைக்காகச் சுத்தமான சேவலை வளர்ப்பவர் தேர்ந்தெடுக்க, முட்டைகளைக் கருவுறச் செய்ததில் மற்றச் சேவல்கள் முந்திக்கொண்டன. அந்த ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகளில் வளர்ப்பவரின் கவனக்குறைவு எதுவும் இல்லை.

கோழியின் விசித்திரங்களை மனிதர் கவனிக்கத் தொடங்கியது வெகு காலத்துக்கு முன்பு. முதல் நூற்றாண்டில் விவசாயத்தைப் பற்றி எழுதிய ரோமானியரான கொலுமெல்லா, ஐந்து விரல் உள்ள கோழியே உயர்ந்த சாதி என்று எழுதிவைத்தார். டார்க்கிங் இனத்துக்கு இன்றும் ஐந்து விரல்தான். 1600-இல் இத்தாலியின் பொலோனா நகரத்து அல்ட்ரொவாண்டி கோழிகளுக்கென்றே ஒரு நீண்ட பகுதி எழுதி, அதில் விசித்திரக் கோழிகளின் படங்களையும் சேர்த்தார். ஆனால் இப்படி ஆர்வத்தோடு எழுதிவைத்தவர்களைவிடப் பயந்தவர்களே அதிகம். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் 1474-இல் ஒரு சேவல் முட்டையிட்டது என்று வழக்கு நடந்தது. சேவல் முட்டையிலிருந்து பார்வையாலேயே கொல்லும் பாம்பு பிறக்கும் என்பது அக்கால நம்பிக்கை. நீதிமன்றம் தண்டனை விதித்தது. சேவலையும் முட்டையையும் ஊர் கூடி நிற்க எரித்தார்கள்.

எரிந்தது பெரும்பாலும் ஒரு பெட்டையாகத்தான் இருந்திருக்கும். கோழிக்கு இரண்டு சினைப்பைகளில் இடப்பக்கத்தது மட்டுமே வளர்ந்து வேலை செய்கிறது. பெட்டையின் சாதாரண இறகு, அந்தச் சினைப்பை சுரக்கும் ஹார்மோன் இருக்கும்வரைதான். நோயாலோ முதுமையாலோ அது கெட்டால் அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது சேவலின் அரிவாள் வாலும் பளபளக்கும் கழுத்து இறகும் வரும், கொண்டை பெருக்கும், சில பெட்டைகள் கூவவும் செய்யும். பெட்டை கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று அன்றைக்கே குழம்பில் போட்டுவிடுவது நம் கிராமங்களிலும் உள்ள வழக்கம். 'பொட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா' என்று ஏளனமாகக் கேட்கும் பழமொழியும் நம்மிடம் உண்டு.

அப்படிக் கூவிய ஒரு பெட்டையை அறுக்காமல் கவனித்தவர் எடின்பரோவில் விலங்கு இனப்பெருக்க ஆய்வுத் துறையை நடத்திய பிரான்சிஸ் க்ரூ. பஃப் ஆர்பிங்டன் இனத்துக் கோழி அது. முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, வளர்த்தும் விட்ட தாய்க்கோழி. பிறகு முட்டை நின்றது, கூவத் தொடங்கியது, கடைசியில் வேறொரு பெட்டையோடு சேர்ந்து இரண்டு குஞ்சுகளுக்குத் தகப்பனும் ஆயிற்று. இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது காசநோய் அதன் சினைப்பையை அழித்திருந்தது. விந்துத் திசு வளர்ந்திருந்தது. 1923-இல் க்ரூ இதை வெளியிட்டார். பாசெலில் இதே போன்ற ஒரு பறவையை எரித்து ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்கு நேர்மாறான வழக்கும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சர் ஜான் செப்ரைட் ஒரு குட்டைக் கோழியினத்தை உருவாக்கினார். ஒவ்வொரு இறகுக்கும் கறுப்புக் கரை கட்டியதுபோல் இருக்கும். அதில் சேவலும் பெட்டையின் இறகோடுதான் இருக்கும். அரிவாள் வால் கிடையாது. அமெரிக்க மரபியலர் தாமஸ் ஹன்ட் மார்கன் இந்தச் சேவல்களுக்கு விரையை எடுத்துப் பார்த்தார். அடுத்து முளைத்தது பகட்டான சேவல் இறகு. விரையிலிருந்து வரும் ஏதோ ஒன்றுதான் இறகைப் பெட்டையாக்குகிறது என்பது உறுதியானது. அந்த ஏதோ ஒன்றைச் சமீபத்தில்தான் மரபணு வரைக்கும் பின்தொடர்ந்தார்கள். ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் நொதியின் மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வைரஸின் துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. அது அந்த மரபணுவைத் தோலில் ஓயாமல் இயக்கிக்கொண்டே இருக்கிறது.

கோழியின் பால் நிர்ணயம் மனிதரிடமிருந்து மாறுபட்டது. மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தகப்பனின் குரோமோசோம் முடிவு செய்கிறது. கோழியில் அதைத் தாய் முடிவு செய்கிறாள். பெட்டையிடம் இருக்கும் ஒரே ஒரு இசட் குரோமோசோம் மகனுக்கு மட்டுமே போகும், மகளுக்குப் போகாது. இறகில் குறுக்கே வெள்ளை வரி போடும் மரபணு அந்த இசட்டில் இருக்கிறது. ஆகவே வரிக்கோழிப் பெட்டையைக் கறுப்புச் சேவலோடு சேர்த்தால் மகன்களுக்கு மட்டும் வரி வரும். முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே தலையில் வெள்ளைப் பொட்டு தெரியும். மகளுக்குப் பொட்டு இருக்காது.

முதல் உலகப் போரில் பிரிட்டனில் தீவனத் தட்டுப்பாடு. முட்டையிடாத சேவல் குஞ்சுகளை வாரக்கணக்கில் தீனி போட்டு வளர்த்தபின்தான் பிரித்தறிய முடிந்தது. இந்தப் பொட்டையும் நிறத்தையும் வைத்து முதல் நாளிலேயே பிரிக்கலாம் என்று வழி சொன்னவர் பன்னெட். அவரும் மைக்கேல் பீஸும் சேர்ந்து 1929-ஐ ஒட்டிக் கேம்பர் என்ற இனத்தையே உருவாக்கினார்கள். கலப்பே தேவையில்லை, அந்த இனத்துக்குள் பிறக்கும் குஞ்சிலேயே ஆண் வெளிறியும் பெண் அடர்ந்தும் இருக்கும். ஆணுக்கு வரி மரபணு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்பதுதான் காரணம். இன்று பழுப்பு முட்டைக் கோழிப் பண்ணைகளின் குஞ்சுப் பொரிப்பகங்களில் நிறத்தைப் பார்த்து ஆணையும் பெண்ணையும் பிரிப்பது இதே தத்துவத்தின்படிதான். தோட்டத்துக் கோழியின் வரி எத்தனை பெரிய தொழிலின் அடித்தளமாயிற்று என்பது அந்தத் தொழிலிலேயே இருக்கும் பலருக்கும் தெரியாது.

தென் அமெரிக்காவின் சிலியில் மாப்புச்சே பழங்குடியினரின் வீடுகளில் வேறொரு விசித்திரம் இருந்தது. அவர்களுடைய கோழிகள் நீல முட்டையிட்டன. சிலவற்றுக்கு வாலே இல்லை. சிலவற்றுக்குக் காதோரம் மீசைபோல் இறகுக் குச்சம். ஸ்பெயினின் கோழி வல்லுநர் சால்வடோர் காஸ்டெல்லோ 1914-இல் சிலி போனபோது அவற்றைப் பார்த்து வியந்தார். 1921-இல் ஹேக் நகரத்தில் கூடிய முதல் உலகக் கோழி மாநாட்டில் இதைப் புதிய கோழிச் சாதி என்றே அறிவித்தார். மூன்று அதிசயங்களும் தனித்தனி என்பதும், சிலிக்காரர் ஒருவர் அவற்றை ஒன்றாகச் சேர்த்து வளர்த்தார் என்பதும் பிறகுதான் தெரிய வந்தது. காதுக் குச்சத்துக்கு விலையும் அதிகம். இரு பக்கமும் குச்ச மரபணு வாங்கிய கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும்.

நீலம் எப்படி வருகிறது என்று அந்த முட்டையை உடைத்துப் பார்த்தாலே பாதி புரியும். பழுப்பு முட்டையின் நிறம் மேலே பூசியது. ஓட்டின் உட்பக்கம் வெளுப்பாக இருக்கும். நீல முட்டையில் உள்ளும் புறமும் ஒரே நீலம். பித்தத்தில் இருக்கும் பிலிவெர்டின் என்ற நிறமி ஓடு கட்டும் நேரம் முழுக்க அதில் ஊறுகிறது. சிலிப் பக்கத்திலிருந்து வந்த சில பெட்டைகளை வைத்துப் பன்னெட் 1933-இல் இது ஒற்றை மரபணுவின் வேலை, அதுவும் ஓங்கும் பண்பு என்று காட்டினார். 2013-இல் வந்த ஆய்வுகள் இன்னும் ஆழமாகப் போயின. இங்கேயும் காரணம் ஒரு வைரஸ் துண்டு. ஒன்றாம் குரோமோசோமில் ஒரு மரபணுவுக்கு முன்னால் செருகி, அதை முட்டை ஓடு உருவாகும் சுரப்பியில் விழிக்க வைத்துவிட்டது. சீனாவின் தோங்ஷியாங் கோழியும் நீல முட்டை இடும். அதிலும் அதே வைரஸ், அதே மரபணு. ஆனால் செருகிய புள்ளி வேறு. பூமியின் இரண்டு மூலைகளில் ஒருவரையொருவர் அறியாத வீடுகளில், ஒரே அதிசயம் தனித்தனியாக இரண்டு தடவை பிறந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் யாரோ அந்த முதல் நீல முட்டையைத் தூக்கிப் போடாமல் அடைவைத்தார்கள். அவர்கள் பெயரை எந்த ஆய்வும் சொல்லப்போவதில்லை.

இப்படி வீட்டுக்கோழிகளை ஊர் ஊராகப் போய் எண்ணிப் பார்த்த ஒருவரும் உண்டு. சோவியத் ரஷ்யாவின் மரபியலர் அலெக்சாண்டர் செரெப்ரோவ்ஸ்கி. 1920-களில் காகசஸ் மலையில் தாகெஸ்தான் பகுதிக்குப் போனார். அங்கே ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே மலைமுகடு; கோழிகள் கடந்து போகாது, மனிதரும் அடிக்கடி போகமாட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை கோழிக்கு ரோஜாக் கொண்டை, எத்தனைக்குப் பட்டாணி, எத்தனைக்குக் காலில் இறகு, என்ன நிறம் என்று குறித்துக்கொண்டே போனார். பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில்கூட விகிதங்கள் வெகுவாக மாறின. வெளித்தொடர்பு இல்லாத சிறு கூட்டத்தில் ஒரு பண்பு வெறும் தற்செயலாலேயே பெருகவும் அழியவும் முடியும் என்பதைக் கோழிகளிடமிருந்து அவர் படித்தார். ஒரு நாட்டின் உயிரினங்களில் இருக்கும் மொத்த மரபணுக்களையும் ஒரு சேமிப்பாக, நிலத்தடி நிலக்கரியைப் போன்ற நாட்டுச் செல்வமாகப் பார்க்க வேண்டும் என்றார். அந்தச் சேமிப்புக்கு ரஷ்ய மொழியில் ஒரு பெயரும் கொடுத்தார். மரபியலர் தியடோசியஸ் டொப்ஜான்ஸ்கி வழியாக அந்தக் கருத்து ஆங்கிலத்துக்குப் போய் உலகமெங்கும் பரவியது. பல்லுயிர்ப் பாதுகாப்பு பேசும் ஒவ்வொரு கூட்டத்திலும் அடிபடும் 'மரபணுத் தொகுதி' என்ற எண்ணம், தாகெஸ்தான் மலைவாசிகளின் முற்றத்துக் கோழிகளிடமிருந்து பிறந்தது.

இந்தக் கதை இந்தியாவைத் தொடாமல் போகவில்லை. டார்வின் 1868-இல் வெளியிட்ட வளர்ப்புப் பிராணிகள் நூலில் கோழிக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினார். சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் உட்படப் பலரிடம் கேட்டு வாங்கிய பறவைகளும் கடிதங்களும் அவருக்கு உதவின. சிலிர்த்த இறகுக் கோழி இந்தியாவில் சாதாரணமாகக் காணப்படுவதை அவர் பதிவு செய்திருக்கிறார். வாலில்லாக் கோழி இலங்கைக் காட்டில் தனிச் சாதியாகத் திரிகிறது என்று டச்சு அறிஞர் டெம்மின்க் எழுதியதையும், இலங்கையில் இருந்த லேயர்ட் அது வெறும் வீட்டுக்கோழி என்று மறுத்ததையும் எடுத்துச் சொல்கிறார். கறுப்பு ஸ்பானிஷ் சேவலை வெள்ளைப் பட்டிறகுப் பெட்டையோடு தானே சேர்த்தும் பார்த்தார். பிறந்த சேவல்களில் ஒன்று கறுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், காட்டுச் சிவப்புக்கோழியின் நிறத்தில் வந்தது. உலகத்து வீட்டுக்கோழிகள் அத்தனைக்கும் அந்தச் சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என்று முடிவு கட்டினார்.

அவர் தள்ளிவிட்ட இன்னொரு வேட்பாளர் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழி. பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் பியர் சொன்னெரா 1782-இல் வெளியிட்ட பயண நூலில் விவரித்த பறவை. அவர் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கி நிற்கிறது. அதன் சேவலின் கழுத்து இறகை ஒருதரம் பார்த்தவர் மறக்கமாட்டார். கரிய இறகின் நடுவே வெள்ளைப் புள்ளிகள், நுனியில் உருகிய மெழுகைச் சொட்டவிட்டதுபோல் மஞ்சளாகப் பளபளக்கும் கெட்டித் தகடு. ஐரோப்பாவில் மீன்தூண்டிலுக்குச் செயற்கைப் பூச்சி கட்டுபவர்கள் இந்த இறகுக்காக அலைந்தார்கள். இந்தியா பின்னர் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. வீட்டுக்கோழி எதற்கும் இந்தத் தகடு இல்லை, சாம்பல் கோழியோடு நாட்டுக்கோழி கலந்து பிறப்பவை எளிதில் இனம் பெருக்குவதும் இல்லை என்பது டார்வினின் வாதம்.

2008-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கோழியின் மஞ்சள் காலைத் துருவினார்கள். சிவப்புக் காட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் கிடையாது. தீனியில் வரும் மஞ்சள் நிறமியைத் தோலில் சிதைக்கும் நொதி ஒன்று அதற்கு உண்டு. அந்த நொதி தோலில் மட்டும் அடங்கிப்போனால் நிறமி தங்கிக் கால் மஞ்சளாகிறது. அப்படி அடங்கிப்போன மரபணுவின் வரிசை சிவப்புக் காட்டுக்கோழியோடு ஒத்துப்போகவில்லை. சாம்பல் காட்டுக்கோழியோடு ஒத்துப்போனது. எப்போதோ, தென்னிந்தியக் காட்டோரத்து வீடு ஒன்றின் பெட்டையோ சேவலோ மலையிலிருந்து இறங்கிய சாம்பல் கோழியோடு கூடியிருக்க வேண்டும். அந்த வழியில் பின்னால் பிறந்த ஒரு குஞ்சின் மஞ்சள் கால் பிடித்துப்போய் யாரோ அதை வளர்த்திருக்கலாம். இன்று உலகத்துப் பண்ணைக் கோழிகளில் கோடிக்கணக்கானவற்றுக்கு மஞ்சள் தோல். நாமக்கல் பண்ணைகளின் முட்டைக் கோழி ஒயிட் லெகார்ன் வழிவந்தது. அந்த இனம் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து கப்பலேறி அமெரிக்கா போய் வளர்ந்து, நம்மிடம் வந்து சேர்ந்தது. அதன் மஞ்சள் காலின் மரபணு இந்தப் பக்கத்து மலைக்காட்டுக்குச் சொந்தம். கறிக்கோழியின் அகன்ற நெஞ்சுக்குப் பின்னால், கார்ன்வால் வழியாகப் போய்த் திரும்பிய அசிலும் இருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கம் பீல், பிலாலா பழங்குடியினர் காத்த கடக்நாத் கோழியின் கதையும் இதே போன்றது. தோல், நாக்கு, எலும்புறை வரைக்கும் கறுப்பு. மார்க்கோ போலோ சீனாவில் பார்த்ததாகச் சொன்ன, பூனைபோல் ரோமம் உள்ள கறுப்புக் கோழியும், இந்தோனேசியாவின் ஆயம் செமானியும், ஸ்வீடனின் கறுப்புக் கோழியும் இதன் உறவுகள். இருபதாம் குரோமோசோமில் ஒரு துண்டு இரட்டித்து, இடம் மாறிக் கிடப்பது இவை எல்லாவற்றிலும் ஒரே மாதிரியாக இருப்பதால், இந்தக் கறுப்பு ஆசியாவில் ஒரே ஒரு முறை பிறந்து பரவியது என்று தெரிகிறது. கடக்நாத் இறைச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, விலையும் ஏறியது.

அந்த அதிர்ஷ்டம் தமிழ்நாட்டு முற்றத்துக் கோழிகளுக்கு இன்னும் வரவில்லை. நாட்டுக்கோழி வகைகளைச் சொல்லும்போது கழுகுக்கோழி அல்லது கிராப்புக்கோழி, கொண்டைக்கோழி, குட்டைக்கால் கோழி என்று நம்மவர்கள் பெயர் சொல்வதுண்டு. இவை ஒவ்வொன்றும் ஒரு பண்பின் பெயர். கழுத்தில் இறகே இல்லாத கழுகுக்கோழி அருவருப்பாக இருக்கிறது என்று சொல்லிச் சந்தையில் விலை குறைப்பவர்கள் இருக்கிறார்கள். கழுத்து முழுக்க மொட்டையாக இருந்தால் மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கிறது. தொண்டைக்குக் கீழே ஒரு குச்சம் இறகு மட்டும் நின்றால் ஒரு பக்கமிருந்து வந்திருக்கிறது. ஒன்றாம் குரோமோசோமின் துண்டு மூன்றாவதில் போய் ஒட்டிக்கொண்டதுதான் காரணம் என்று 2011-இல் எடின்பரோவில் கண்டுபிடித்தார்கள். இந்தக் கோழிக்கு உடம்பு முழுவதுமே இறகு குறைவு. சூடு எளிதில் வெளியேறும். கோடை வெயிலில் மற்றக் கோழிகள் தீனியைக் குறைத்து மூச்சு வாங்கும்போது இது தாக்குப்பிடிக்கும். உத்தரப் பிரதேசம் இசத்நகரில் இருக்கும் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் இந்த மொட்டைக் கழுத்தை வைத்து 'ஹிட்காரி', சிலிர்த்த இறகை வைத்து 'உப்காரி' என்று வீட்டு வளர்ப்புக்கான கலப்பினங்களையே உருவாக்கியிருக்கிறது.

சில விசித்திரங்களைக் கையாள விவரம் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானின் சாபோ, ஸ்காட்லாந்தின் டம்பி போன்ற குட்டைக்கால் இனங்களில் சேவலும் பெட்டையும் குட்டைக்காலாகவே இருந்தால் நாலு கருவில் ஒன்று அடைவைத்த சில நாளிலேயே செத்துவிடும். மிஞ்சும் மூன்றில் இரண்டு குட்டைக்கால், ஒன்று நெட்டைக்கால். அடைவைத்தவர் அந்த நாலாவதைக் கூமுட்டை என்று ஒதுக்கிவிடுவார். சேவலையோ அடைக்கோழியையோ குறை சொல்வார். குட்டைக்காலை எப்போதும் நெட்டைக்காலோடு சேர்த்தால் இந்த இழப்பு இல்லை. சிலிர்த்த இறகுக் கோழிகளையும் அவற்றுக்குள்ளேயே சேர்க்காமல் சாதாரண இறகுள்ள கோழியோடு சேர்ப்பதே நல்லது. இரு பக்கமும் சிலிர்ப்பு வாங்கிய குஞ்சுக்கு இறகு உடைந்து உடம்பு வெறுமையாகிவிடும்.

ஒரு கோழியினத்துக்குப் பெயரும் பட்டியலும் சங்கமும் உண்டு. அதைக் காக்க ஆட்கள் வருவார்கள். ஊருக்கு இரண்டு வீட்டில் சிதறிக்கிடக்கும் ஒற்றைப் பண்புக்கு அப்படி யாரும் இல்லை. அடுத்த நோய்க்காலத்திலோ, அடுத்த திருவிழாக் குழம்பிலோ அது முடிந்துவிடக்கூடும். ஆகவே நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பஞ்சாரத்துக்குள் மொட்டைக் கழுத்தோ, வாலில்லாததோ, இறகு சிலிர்த்ததோ ஒரு குஞ்சு வந்தால் அதைச் சகுனம் என்று கழிக்காதீர்கள். தாய் எது, சேவல் எது, எந்த மாதம் பொரித்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதிலிருந்து ஒரு தலைமுறையாவது எடுத்துவிட்டு விற்பதையோ அறுப்பதையோ யோசியுங்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் அதைக் காட்டுங்கள்.